நரைக்கு ‘ஸ்டெம் செல்’ ஊசியா? பணம் கட்டுமுன் படியுங்கள்

நரைத்த முடியை மறுபடி கருப்பாக்கும் என்று சொல்லிச் சில கிளினிக்குகள் ‘ஸ்டெம் செல்’ (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) ஊசி விற்கின்றன. ஊசி சில தவணை. கூடவே தினமும் தலையில் தடவ ஒரு லோஷன். சில வாரங்களில் வெள்ளை முடி பழுப்பாகி, பிறகு கருக்கிறது. அதைப் பார்த்தவர் நம்பி மீதித் தவணைக்கும் கட்டிவிடுகிறார். லோஷனை நிறுத்தினால் வேர்ப்பக்கம் பழையபடி வெள்ளையாக வளர்கிறது. ஏமாற்று வேலை முழுக்க அந்த லோஷனில்தான்.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். நிறம் ஏறுவது உள்ளே, மயிர்க்காலின் அடியில். நிறமி செய்யும் செல்களான மெலனோசைட்டுகள் நிஜமாகவே மறுபடி வேலை செய்தால் கருமை வேரடியில் தொடங்கி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. நீளும், நுனி வெள்ளையாகவே இருக்கும். அடி முதல் நுனி வரை சேர்ந்தாற்போல் கருத்தால் அது சாயம்தான். லேபிளில் லெட் அசிடேட் இருக்கிறதா என்று பாருங்கள். கந்தகத்தோடு வினைபுரிந்து மெல்லக் கருக்கும் ஈய உப்பு அது. தலைச்சாயங்களில் அதற்கு இருந்த அனுமதியை நீக்க அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018இல் முடிவெடுத்தது. லேபிளே இல்லை என்றால் தலையில் வைக்காதீர்கள்.

குப்பிக்குள் என்ன? உயிருள்ள ஸ்டெம் செல்களைச் சேமிப்பது திரவ நைட்ரஜனில், சுமார் மைனஸ் 196 டிகிரியில். அலமாரியிலிருந்து எடுத்து உப்புநீரில் கரைக்கும் தூளில் உயிருள்ள செல் இருக்காது. ஸ்டெம் செல் என்ற பேரில் வேறு சிலவும் வரும். எக்சோசோம் என்பது செல்கள் வெளியிடும் நுண்ணிய பை, செல்லே அல்ல. பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்கள்தான். ‘ஆப்பிள் ஸ்டெம் செல்’ பற்றிப் பேச என்ன இருக்கிறது, அது பழச்சாறுக்குத் தூரத்துச் சொந்தம்.

கிளினிக்காரர்கள் காட்டும் ஆய்வுக்கட்டுரை மட்டும் பெரும்பாலும் உண்மையானது. 2023இல் நேச்சர் இதழில் நியூயார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது, செய்தது எலிகளில். மெலனோசைட் ஸ்டெம் செல்கள் மயிர்க்காலின் புடைப்புப் பகுதிக்கும் அதன் கீழுள்ள முளைப் பகுதிக்கும் இடையே போய்வருகின்றன. நிறமி செய்யத் தூண்டும் புரதச் சமிக்ஞை கிடைப்பது கீழேதான். முடி உதிர்ந்து முளைப்பது பலமுறை நடந்தபின் நிறைய செல்கள் புடைப்பிலேயே சிக்கிக்கொள்கின்றன. இருக்கும் செல் நகரவில்லை என்பதே அதன் முடிவு. வெளியிலிருந்து செல்லைச் செலுத்தினால் நரை மாறும் என்று அதில் எங்குமே இல்லை.

பி12 குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றால் வந்த நரை சிலருக்குச் சிகிச்சையில் ஓரளவு திரும்பும். அதற்குத் தேவை ரத்தப் பரிசோதனை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள்: லோஷனை நிறுத்துங்கள். மறைவான ஓரிடத்தில் முடியை ஒட்ட வெட்டி, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். வளர்ந்த 2 செ.மீ. வெள்ளையாக இருந்தால், ரசீது, காலிக் குப்பி, அதன் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஆகியவற்றோடு புகார் கொடுக்கலாம். லோஷனில் ஈயம் இருந்தது தெரிந்தால் ரத்தத்தில் ஈய அளவையும் பார்த்துவிடுங்கள்.