நகர வடிவமைப்பு முதுகலைக்கு கியூஜிஐஎஸ்: கூரையை அது காட்டும், அஞ்சடியை நீங்கள்தான் வரைய வேண்டும்

நகர வடிவமைப்பில் முதுகலை சேர்கிறவர்களில் நிறையப் பேர் கட்டடக்கலை முடித்துவிட்டு வருகிறவர்கள். ஆட்டோகேட் தெரியும், ஸ்கெட்ச்சப் தெரியும். ஒரு கட்டடத்தை வரைய அவை போதும். ஸ்டூடியோவில் பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவைச் சுற்றி 30 ஹெக்டர் என்றோ, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் என்றோ தளம் கொடுத்துவிட்டால் கதை வேறு. எந்தக் கடைவீடு எத்தனை மாடி, கீழே என்ன வியாபாரம், எந்தச் சந்து எந்தத் தெருவில் போய்ச் சேருகிறது என்று எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு ஜிஐஎஸ், அதாவது புவியியல் தகவல் அமைப்பு, இல்லாமல் முடியாது.

கியூஜிஐஎஸ் 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய திறந்தமூல மென்பொருள். காசு இல்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ விண்டோஸுக்கு மட்டுமே, அதற்கு உரிமமும் வேண்டும். மாணவர் உரிமம் படிப்போடு முடிந்தால் உங்கள் கோப்புகளைத் திறக்க வேறு வழி தேட வேண்டியிருக்கும். முதுகலை வேலைக்கு கியூஜிஐஎஸ் தாராளமாகப் போதும் என்பதே என் மதிப்பீடு. ஆனால் அது கையில் கொடுக்கும் நகரம் வானத்திலிருந்து பார்த்த நகரம். நம் தெருக்களில் பூக்கட்டுகிறவரும் சேலைக்கடைப் பொம்மையும் மழைக்கு ஒதுங்குகிறவரும் நிற்கும் இடம் அஞ்சடி, அதாவது காக்கி லீமா, கடைகளின் முன்னே மாடிக்குக் கீழே ஓடும் நடைவழி. அது வானத்திலிருந்து தெரியாது. இந்தக் குறையைச் சரிசெய்யாமல் வரையும் எந்த ஆய்வு வரைபடமும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் பொருந்தாது.

மென்பொருளைப் பதிவிறக்கும்போது 'நீண்ட கால ஆதரவு' என்று குறித்திருக்கும் பதிப்பையே எடுங்கள். கோப்பு ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். புதுப் பதிப்பில் சில பிளகின்கள், அதாவது கூடுதல் கருவிகள், வேலை செய்யாமல் போகும். ஸ்டூடியோ குழுவில் ஐந்து பேர் ஐந்து பதிப்பு வைத்திருந்தால் ஒருவர் சேமித்த ஸ்டைல் இன்னொருவரிடம் உடைந்து நிற்கும்.

முதல் தவறு, உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக்கும் முறையான புரொஜெக்‌ஷனில் நடக்கும். யாரும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு அட்சரேகை, தீர்க்கரேகையில், டிகிரியாக வரும். அப்படியே, சுற்றிலும் குறித்த தூரத்துக்குப் பட்டை வரையும் பஃபர் கருவியில் 400 என்று போட்டால் 400 டிகிரி என்று எடுத்துக்கொண்டு திரை முழுவதையும் மூடிவிடும். லேயரை, அதாவது அந்தத் தரவு அடுக்கை, முதலில் மீட்டர் கணக்குக்கு மாற்றி, புதுக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ப்ராஜெக்ட்டின் புரொஜெக்‌ஷனை மட்டும் மாற்றினால் திரையில் தெரிவதுதான் மாறும், தரவு மாறாது. பினாங்கு, கோலாலம்பூர் இரண்டும் மீட்டர் கணக்கிலான யுடிஎம் முறையின் 47 வடக்கு மண்டலத்தில் இருக்கின்றன. அதன் அடையாள எண் இபிஎஸ்ஜி 32647. கோலாலம்பூர் அந்த மண்டலத்தின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டும். ஸ்டூடியோ வேலைக்கு அது ஒரு பொருட்டல்ல. நில அளவைத் துறையின் வரைபடங்களோடு சேர்க்கிறீர்கள் என்றால் மட்டும் தீபகற்பத்துக்கான ஜிடிஎம்2000 ஆர்எஸ்ஓ, இபிஎஸ்ஜி 3375, எடுங்கள். எதை எடுத்தாலும் குழு முழுவதும் ஒன்றையே எடுக்க வேண்டும்.

தரவுக்கு குவிக்ஓஎஸ்எம் என்ற பிளகின். கட்டடம், சாலை, நீர்நிலை என்று தனித்தனியாக, திரையில் தெரியும் எல்லைக்குள் மட்டும் இறக்கலாம். ஜார்ஜ்டவுன் அளவுக்குச் சில நொடிகளில் வந்துவிடும். கட்டடங்கள் குறைவாக இருக்கும் பகுதிகளில் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணினி வரைந்த கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் தரவை எடுக்கிறவர்கள் உண்டு. தனி வீடுகளுக்கு அது சரி. கடைவீட்டு வரிசைக்கு ஆகாது. பொதுச்சுவரும் ஒட்டிய கூரையும் இருப்பதால் பன்னிரண்டு கடை ஒரே கட்டடமாகி நிற்கும், அல்லது தப்பான இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். எத்தனை கடை, ஒவ்வொன்றும் எத்தனை அடி முகப்பு என்பதுதான் தெருவின் தாளம். அதைக் கணினியிடம் விட்டுவிடாதீர்கள். தெருவில் நடந்து எண்ணிக்கொண்டு வந்து, ஸ்ப்ளிட் ஃபீச்சர்ஸ் கருவியால் நீங்களே வெட்டுங்கள்.

இப்போது அஞ்சடி. கட்டடத்தைக் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் காட்டும் வரைபடம்தான் எந்த ஸ்டூடியோவிலும் முதல் தாள். கியூஜிஐஎஸ்ஸில் கட்டட லேயருக்குக் கறுப்பு நிரப்பினால் இரண்டு நிமிடத்தில் அது தயார். ஆனால் கடைவீட்டின் மாடி அஞ்சடிக்கு மேலேயே நீண்டிருக்கிறது, கூரையும் அதையும் சேர்த்தே மூடுகிறது. கூரையை வைத்து வரைந்த கட்டட எல்லையில் அஞ்சடி கறுப்புக்குள் போய்விடும். பொதுமக்கள் நடக்கும் இடம் தனியார் சுவராகிவிடுகிறது! 1748இல் ஜாம்பத்தீஸ்தா நொல்லி ரோம் நகரை வரைந்தபோது தேவாலயங்களின் உட்புறத்தையும் தெருவைப் போல வெள்ளையாக விட்டார். அதே நியாயம் இங்கே அஞ்சடிக்கும், லெபோ குவீன் மாரியம்மன் கோயிலின் மண்டபத்துக்கும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் வளாகத்துக்கும் உண்டு.

செய்முறை இது. கட்டட லேயரின் நகல் ஒன்றை எடுத்து, ஒட்டிய கட்டடங்களை டிசால்வ் கருவியால் ஒன்றாக்கி, மல்ட்டிபார்ட்டை சிங்கிள்பார்ட்டாக்கி, வரிசை வரிசையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடுத்து 'ஃபோர்ஸ் ரைட் ஹேண்ட் ரூல்' கருவியை ஓட்டுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் கட்டடத்தை வலஞ்சுழியாக வரைந்திருப்பார், இன்னொருவர் இடஞ்சுழியாக. இந்தக் கருவி எல்லாவற்றையும் ஒரே சுழிக்குக் கொண்டுவந்து, கட்டடத்தின் உட்புறம் எப்போதும் கோட்டின் வலப்பக்கம் வரும்படி செய்யும். பிறகு பாலிகனைக் கோடாக்கி, எக்ஸ்ப்ளோட் லைன்ஸால் துண்டாக்கி, தெருவைப் பார்க்கும் துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பின்சந்து பக்கம் அஞ்சடி இல்லை, அதைத் தொட வேண்டாம். தேர்ந்தெடுத்ததற்கு ஒற்றைப் பக்க பஃபர், பக்கம் வலது.  அந்தப் பட்டையைக் கட்டடத்திலிருந்து டிஃபரன்ஸ் கருவியால் கழித்தால் தெருக்களின் உண்மை வடிவம் வெளியே வரும். லெபோ பாசாரின் வரைபடத்தை இதற்கு முன்னும் பின்னும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஒல்லியான தெரு, இரு பக்கமும் நிழலோடு அகன்று நிற்கும்.

பஃபருக்கு எத்தனை மீட்டர்? ஐந்தடி என்றால் 1.52 மீட்டர், பெயர்தான் ஐந்தடி, அகலம் கடைக்குக் கடை மாறும். வரிசைக்கு மூன்று இடத்திலாவது டேப் பிடித்து அளக்க வேண்டும், தூணின் உள்விளிம்பிலிருந்து கடைச் சுவர் வரை. கூடவே இன்னோர் அளவும் எடுங்கள்: நடக்கக் கிடைக்கும் அகலம். 1.9 மீட்டர் அஞ்சடியில் மசாலா மூட்டைகள் 0.7 மீட்டர் பிடித்தால் மீதி 1.2, சக்கர நாற்காலி போகும், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க இடமில்லை. அடுத்த கடைக்கு ஒரு படி ஏற்றம் இருந்தால் அந்த நாற்காலியும் அங்கேயே நின்றுவிடும். கட்டிய அகலம், நடக்கும் அகலம், தளமட்ட வேறுபாடு என்று தரவு அட்டவணையில் மூன்று புலங்கள் போதும். மூன்றையும் எண்ணாகவே வையுங்கள். 'குறுகல்', 'பரவாயில்லை' என்று சொற்களில் எழுதினால் பிறகு எதையும் கணக்கிட முடியாது.

தெருவில் தரவு எடுக்க கியூஃபீல்டு செயலி நல்ல துணை. கைத்தொலைபேசியில் அதே ப்ராஜெக்ட் திறக்கும், கீழிறங்கு பட்டியலோடு படிவம் வைக்கலாம். அதில் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அஞ்சடிக்குள் வானம் தெரியாது. புள்ளி எதிர்வரிசைக் கடையில் போய் உட்காரும். கட்டடத்தைத் திரையில் தொட்டு, அதன் விவரத்தை நிரப்பும் முறைதான் சரி.

நடைதூர ஆய்வில் இந்த மென்பொருள் கொடுக்கும் பலன் பெரிது, தவறும் அங்கேதான் பெரிதாக நடக்கும். துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டால் 50 ஹெக்டர் வரும். கிள்ளான் ஆற்றின் மறுகரையும் அதற்குள் வந்துவிடும். ஆற்றுக்கு மேல் யாரும் பறந்து போவதில்லை, பாலம் இருக்கும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, ப்ராசஸிங் பெட்டியில் 'சர்வீஸ் ஏரியா' கருவியை எடுங்கள். சாலை லேயர், தொடக்கப் புள்ளி, 'ஷார்ட்டெஸ்ட்', செலவு (அதாவது நடக்கும் தூரம்) 400. விடை பரப்பாக வராது, கோடுகளாக வரும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோடுகளுக்கு 25 மீட்டர் பஃபர் போட்டு டிசால்வ் செய்தால் ஒரு நியாயமான பரப்பு கிடைக்கும்.

கோடுகள் பாதியில் நின்றுபோனால் காரணம் அநேகமாக வெர்டெக்ஸ், அதாவது கோட்டை உருவாக்கும் புள்ளி. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் மட்டும் போதாது, வெட்டும் இடத்தில் இரண்டிலும் ஒரு வெர்டெக்ஸ் இருந்தால்தான் வழி இணையும். நீங்கள் புதிதாக வரைந்த சந்துகளில் இது விட்டுப்போயிருக்கும். புதுக் கோட்டைப் பழைய கோட்டோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கை முடுக்கிவிட்டு வரையுங்கள். அவசரத்தில் 'ஸ்ப்ளிட் வித் லைன்ஸ்' கருவியை எல்லாச் சாலைக்கும் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. கோலாலம்பூரில் அதைச் செய்தால் மேம்பாலமும் கீழ்ச்சாலையும் தரையில் ஒட்டிக்கொள்ளும். நடந்து போகிறவர் நடுவழியில் நெடுஞ்சாலைமேல் ஏறிவிடுவார். விரைவுச்சாலைகளை முதலிலேயே வடிகட்டி நீக்குங்கள். மாறாக, கூரை போட்ட நடைபாலங்களும் பேரங்காடிக்குள் போகும் வழிகளும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள். கேஎல் சென்ட்ரலுக்கும் மோனோரயிலுக்கும் இடையில் மக்கள் நடப்பது கட்டடத்துக்குள்ளே. அது வரைபடத்தில் இல்லையென்றால் விடையே பொய்.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவில் சேமிக்காதீர்கள். அதில் புலத்தின் பெயருக்கு 10 பைட்தான் இடம். தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் பிடிப்பதால் 'கடை' என்று எழுதவே ஒன்பது போய்விடும். உள்ளே எழுதும் விவரத்துக்கும் 254 பைட் எல்லை. ஜியோபேக்கேஜ் கோப்பு வடிவில் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துகளை வடிவக்கோடாக ஏற்றுமதி செய்யும் தேர்வை எடுங்கள். இல்லையேல் இல்லஸ்ட்ரேட்டரில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம்.

பழைய வரைபடத்தைப் பொருத்த ஜியோரெஃபரன்ஸர் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. எளிய உருமாற்றமான முதல்படிப் பாலினோமியலுக்கு, பழைய படத்திலும் இன்றைய வரைபடத்திலும் தெரியும் 3 புள்ளி கட்டாயம். 8, 10 வைத்து, நான்கு மூலைக்கும் பரப்புங்கள். புதிதாகக் கட்டிய கட்டடத்தைப் புள்ளியாக எடுக்காதீர்கள். ஜார்ஜ்டவுனில் கோயில், பள்ளிவாசல், கோட்டை ஆகியவற்றின் மூலைகள் நகராதவை.

முப்பரிமாணம்தான் இதன் பலவீனம். மாடி எண்ணிக்கையை 3.5 மீட்டரால் பெருக்கிக் கட்டடங்களை உயர்த்திப் பார்க்கலாம். ஜார்ஜ்டவுன் பாரம்பரியப் பகுதியில் 18 மீட்டர் உயர வரம்பை மீறும் முன்மொழிவுகளைச் சிவப்பாகக் காட்ட இது போதும். அதற்குமேல் நிழலும் பொருளும் தூண் அலங்காரமும் வேண்டுமென்றால் ஸ்கெட்ச்சப், ரைனோ பக்கம் போயாக வேண்டும். போகும் வழியில் ஒரு குழி உண்டு. யுடிஎம்மில் லெபோ பாசார் ஏறத்தாழ கிழக்கே 648,000, வடக்கே 599,000 மீட்டரில் இருக்கிறது. அந்த எண்ணோடு ஸ்கெட்ச்சப்புக்குப் போனால் மாதிரி மூலப்புள்ளியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழுந்து, கோடுகள் நடுங்கும், முகங்கள் வெட்டுப்படும். ஸ்கெட்ச்சப்புக்கான டிஎக்ஸ்எஃப் கோப்பு எடுக்குமுன் டிரான்ஸ்லேட் கருவியால் அந்த இரண்டு எண்ணையும் கழித்துவிடுங்கள். எவ்வளவு கழித்தீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள்.

ஏ1 தாளில் 1:1000 அளவுக்கு 841க்கு 594 மீட்டர் அடங்கும். 30 ஹெக்டர் தளம் தாராளமாக உட்காரும். ஒரு லேயரில் ஒளிபுகுதன்மையோ பிளெண்டிங்கோ வைத்திருந்தால் பிடிஎஃப்பில் அது படமாக மாறி, மெல்லிய கோடுகள் மங்கும். வெளிர் நிறம் வேண்டுமென்றால் வெளிர் நிறத்தையே கொடுங்கள், ஒளிபுகுதன்மையைக் குறைத்து அங்கே போகாதீர்கள்.

தாளின் ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி கட்டாயம், உரிமத்தின் நிபந்தனை அது. உங்கள் ஆய்வேடு நூலகத்துக்குப் போன பிறகு, வெட்டிப் பிரித்த கடைகளையும், அளந்த அஞ்சடியையும், பலகையில் பார்த்த தமிழ்ப் பெயர்களையும் அந்த வரைபடத்திலேயே ஏற்றுங்கள். அஞ்சடியை நடைவழியாக வரைந்து, மூடியது, ஆர்கேடு என்று குறித்தால் போதும். பெயருக்குத் தமிழ்ப் புலம் தனியாக உண்டு. ஒரு தெருவுக்கு ஒரு பிற்பகல் வேலை. அடுத்த வருடம் அதே தளத்தை எடுக்கும் மாணவர் தரவை இறக்கும்போது அஞ்சடி தானாகவே வந்து நிற்கும்.