பள்ளிகளுக்கு விமான சிமுலேட்டர்: டிரெய்லரா, பெட்டிகளா?

பள்ளி பள்ளியாகப் போகும் விமான சிமுலேட்டர் (விமானம் ஓட்டுவதை நிஜம்போலப் பழக்கும் கருவி) ஒன்றை ஊரார் நன்கொடையில் நடத்துவது என்று முடிவானதும் எங்கள் குழுவில் மூன்று யோசனைகள் அடிபட்டன. டிரெய்லருக்குள் முழு காக்பிட் (விமானி உட்காரும் அறை), கணினி, ஜாய்ஸ்டிக், பெடல் எல்லாம் அடைத்துக் கொண்டுபோய் வகுப்பறை மேசையில் விரித்துவைக்கும் பெட்டிகள், கண்ணுக்கு முன்னாலேயே காட்சியைக் காட்டும் வி.ஆர். கண்ணாடி. நாங்கள் பெட்டிகளை எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லரின் கவர்ச்சிக்கு விளக்கமே வேண்டாம். பள்ளி வாசலில் வந்து நின்றாலே பிள்ளைகள் கூடிவிடுவார்கள். உள்ளே இருட்டு, வளைந்த திரை, கூடவே சாயும் இருக்கை. ஸ்பான்சருக்கும் மகிழ்ச்சி, பக்கவாட்டில் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். அசைவு வெறும் வேடிக்கை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929-இல் செய்த விமானிப் பயிற்சிக் கருவியே அவருடைய அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையின் காற்றுத் துருத்திகளால் ஆடியதுதான். ஆனால் அது ராணுவத்துக்குப் பயன்பட்டது, மூடியைப் போட்டுக்கொண்டு வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டப் பழக்கியதால். அந்தப் பழக்கத்தை மேசையில் உட்கார்ந்தும் கற்றுக்கொள்ளலாம்.

வி.ஆர். பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. இரவல் வாங்கிய கண்ணாடியைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்த அளவுதான் எங்கள் அனுபவம். கண்ணாடியைப் போட்டதும் நிஜமான ஜாய்ஸ்டிக் கண்ணுக்குத் தெரிவதில்லை, பிள்ளைகள் தடவித் தேடுகிறார்கள். சிலருக்குக் குமட்டல் வந்தது. முகத்தில் படும் பஞ்சை ஒவ்வொருவருக்கும் துடைக்க வேண்டும். போதாக்குறைக்குத் தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் வயது வரம்பு வேறு. சின்ன வகுப்புகளுக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கு என்றால் கணக்கு மாறலாம்.

நேரக் கணக்கும் எளிது. 40 நிமிடப் பாடவேளையில் ஒரு காக்பிட்டில் ஆளுக்கு 8 நிமிடம் கொடுத்தால் 5 பேர்தான் ஏற முடியும். 6 மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒருவர் ஓட்ட, ஒருவர் செக்லிஸ்டை (வரிசையாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலை) வாசிக்க, ஒருவர் கட்டுப்பாட்டுக் கோபுரமாகப் பேச வைத்தால் 18 பேருக்கு ஒரே சமயத்தில் வேலை இருக்கும். மாறி மாறி உட்காரவும் அந்த 40 நிமிடம் போதும். ஓட்டுகிறவனைவிடச் செக்லிஸ்ட் வாசிக்கிறவள் அதிகாரமாக இருப்பாள், அது தனி வேடிக்கை.

எங்களை முடிவெடுக்க வைத்தது இது எதுவும் இல்லை, பராமரிப்புதான். புதிதாக ஒன்றை வாங்கித் தரச் சொன்னால் கடைக்காரரும் தருவார், பழைய மாணவரும் தருவார். பெயர்ப்பலகை இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வருஷம் போய் டயர் மாற்றப் பணம் கேட்டுப் பாருங்கள், யாரும் பிடி கொடுக்கமாட்டார்கள். டிரெய்லரின் டயர் ஓடாமல் நின்றாலும் வெடிப்பு விடும். பிரேக், விளக்கு, காப்பீடு, இழுத்துப்போக ஒரு வண்டி, அதற்கேற்ற உரிமம் உள்ள ஓட்டுநர், மழை படாமல் நிறுத்த ஓர் இடம் என்று செலவு நீளும். இதில் எதுவும் விமானத்தைப் பற்றியதே அல்ல. அசையும் மேடையின் மோட்டார் ஒன்று நின்றுபோனால் ஆள் வந்து பார்க்கும்வரை மொத்த நிகழ்ச்சியும் நிற்கும். 6 பெட்டியில் ஒன்று படுத்துக்கொண்டால் 5 ஓடும்.

பெட்டிகளிலும் தொல்லை உண்டு, ஆனால் நாமே கை வைக்கக்கூடிய தொல்லை. மலிவான ஜாய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் கை அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். உள்ளே ஒரு கரிப்பட்டை, அதன்மேல் உரசும் ஒரு முனை. பல கைகள் பட்டு நடுப்பகுதி தேய்ந்ததும் சிக்னல் துடிக்க ஆரம்பிக்கும். கையை எடுத்தால்கூட விமானம் இடது பக்கம் சாய்ந்துகொண்டே போகும், பையன் காற்று அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வான். மென்பொருளில் நடுவில் ஒரு செயலற்ற பகுதியை வைத்து இதை மறைக்கலாம். ஆனால் ஓடுபாதையை நெருங்கும்போது தேவைப்படுவதே அந்த நடுப்பகுதியின் சின்னச் சின்ன அசைவுதான். அங்கே ஒன்றும் நடக்காததால் பிள்ளை இன்னும் இழுப்பான், விமானம் திடீரென்று மூக்கைத் தூக்கும். ஹால் சென்சார் உள்ள ஜாய்ஸ்டிக்கில் காந்தப்புலத்தை வைத்து அளப்பதால் உரசலே கிடையாது. கொஞ்சம் கூடுதல் விலை, கொடுத்துவிடலாம்.

அப்புறம் நாற்காலி. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து ரட்டர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால்மிதியை) மிதித்தால் பெடல் போகாது, பிள்ளைதான் பின்னால் போவான். வகுப்பறையின் சாதாரண மர நாற்காலி போதும். பெடலை ஒரு பலகையில் திருகி, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டிவிட்டால் வழுக்காது. எந்த யு.எஸ்.பி. வயர் எந்தத் துளைக்கு என்று வண்ண டேப் சுற்றிவையுங்கள், துளை மாறினால் சில சமயம் அமைப்புகளும் மாறிவிடும்.

மென்பொருளில் பெரிய சண்டை வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் புதிய பதிப்புகள் காட்சிக்கு அழகு, ஆனால் அந்த அழகின் பெரும்பகுதி இணையம் வழியாக இறங்குகிறது. பள்ளி வை-ஃபையை நம்பி 6 கணினியில் அதை ஓட்ட எனக்குத் துணிவில்லை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் மென்பொருள் நிலப்பரப்பைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். ஃபிளைட்கியர் இலவசம், திறந்த மூலம். எத்தனை கணினியிலும் போடலாம். எதுவானாலும் எல்லா மேசையிலும் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் ஒன்றே இருக்கட்டும். மெதுவாகப் போகும், தப்பைப் பொறுத்துக்கொள்ளும்.

ஸ்பான்சர் விஷயத்திலும் பெட்டிகள் உதவின. ஒரு மேசை ஒரு நன்கொடையாளருக்கு, அவர் பெயர் அந்தப் பெட்டி மூடியில். கேட்கும் தொகையிலேயே உதிரி ஜாய்ஸ்டிக், வயர்கள், இரண்டாம் வருஷப் பழுதுச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறோம். ஒருவர் விலகினால் ஒரு மேசைக்கு வேறு ஆள் தேடினால் போதும். டிரெய்லரை ஒரே பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டிருந்து கையை விரித்துவிட்டால் என்ன செய்வது?

டிரெய்லர் எடுபடும் இடங்களும் உண்டு. வகுப்பறையில் இடமோ நம்பகமான மின்சாரமோ இல்லாத பள்ளி, திறந்தவெளி விழா, ஏற்கெனவே வண்டியும் மெக்கானிக்கும் வைத்திருக்கும் அமைப்பு ஆகியவற்றுக்கு அதுவே சரி. நாங்கள் அதை நடத்திப் பார்த்ததில்லை, இன்னொரு குழுவினுடையதை ஏறிப் பார்த்ததோடு சரி. வாங்குவதாக இருந்தால் படிக்கட்டைக் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஏற சாய்தளம் இருக்கிறதா, உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே அளந்து பார்த்துவிடுங்கள்.