உலக்கையை அறுத்து நாலு பேனா: ஆறு மாசம் எழுதிப் பாத்த ரிவ்யூ

மரப் பேனா செஞ்சு தர்றவங்க பத்தி ரிவ்யூ தேடுனா எல்லாமே "சூப்பர், பேக்கிங் நல்லா இருந்துச்சு, கிஃப்ட் குடுத்தேன்"னு ரெண்டு வரிதான் இருக்கு, வாங்குன அன்னிக்கே எழுதுனது. நான் நாலு பேனா செய்யச் சொல்லி வாங்கி ஆறு மாசம் ஆச்சு, அதுல ஒன்னு வெடிச்சுப் போயி ஒன்னு சட்டைய நாசம் பண்ணி மிச்சம் ரெண்டு ஜம்முன்னு எழுதிட்டு இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதுறேன்.

அம்முச்சி (அம்மாவோட அம்மா) வீட்டு மாட்டுச்சாளைல ஒரு பழைய உலக்கை கெடந்துச்சு. நாலரை அடி இருக்கும், ஒரு முனைல பூண் அப்படியே இருக்கு, இன்னொரு முனைய கரையான் கொஞ்சம் தின்னுருச்சு. நடுவுல கை புடிக்கிற எடம் மட்டும் எண்ணெய் தடவுன மாதிரி வழுவழுன்னு ஒல்லியா தேஞ்சு போயிருக்கும். சின்ன வயசுல அம்முச்சி கம்பு குத்தும்போது பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அத தூக்கிப் போடவும் மனசில்ல, ஃப்ளாட்ல வச்சுக்கவும் எடமில்ல. பேரப்பசங்க நாலு பேருக்கும் ஆளுக்கொரு பேனாவா செஞ்சிடலாம்னு ஐடியா.

கோயமுத்தூர்ல லேத்துக்கு என்ன பஞ்சம், கணபதி பக்கம் விசாரிச்சா ஒருத்தர் மாட்டுனாரு. ஒரே ஆளு, சின்ன ஷெட்டு. முன்னாடி பம்ப் கம்பெனில இரும்பு லேத்து ஓட்டுனவரு, இப்ப மரக்கடைசல் மட்டும். கீழ கொறையும் சொல்லப் போறதால பேரு போடல, கமெண்ட்ல கேக்காதீங்க.

மாமாவும் கூட வந்தாரு. உலக்கை கருங்காலிதான்னு வழியெல்லாம் அடிச்சு சொல்லிட்டே வந்தாரு, அவரு கழுத்துல வேற ஒரு கருங்காலி மாலை கெடக்குது. பட்டறை அண்ணன் ஒரு ஓரத்த லேசா சீவி வெளிச்சத்துல காட்டுனாரு, உள்ள செவப்பு கலந்த பழுப்பு. "கருவேலம் தம்பி, வண்டிச் சக்கரத்துக்குப் போடுற மரம், பேனாவுக்கு அருமையா வரும்"னாரு. மாமா மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே.

ரேட்டு: ஒரு பேனா 1,400, அதுல வேற மரம் வச்சு டிசைன் போடணும்னா 400 கூட. நாலுக்கும் 7,200, பாதி அட்வான்ஸ். பன்னெண்டு நாள்னு சொன்னாரு, அஞ்சு வாரம் ஆச்சு. போன் பண்ணா எடுக்க மாட்டாரு, ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு போட்டோ வரும், "உங்களதுதான் ஓடுது"ன்னு. நேர்ல போய் நின்னா மட்டும் டீ வாங்கிக் குடுத்து பொறுமையா எல்லாம் சொல்லித் தருவாரு, நான் மூணு சனிக்கெழம போய் உக்காந்துட்டேன்.

அந்த டிசைன் பத்திதான் சொல்லணும், ஏன்னா காசு குடுத்தது அதுக்குத்தான். மரத்த மொதல்ல அஞ்சு இன்ச் நீளம், முக்கா இன்ச் சதுரக் கட்டையா அறுத்துக்கறாரு. அப்புறம் குறுக்கால சாய்வா ரம்பத்துல ஒரு வெட்டு, முழுசா துண்டாகாம ஒரு நூலு மிச்சம் வச்சு. அந்த வெட்டுக்குள்ள மெல்லிசா சீவுன பலா மரச் சீவல சொருகி பசை போட்டு காய விடணும். காஞ்சதும் கட்டைய ஒரு பக்கம் திருப்பி மறுபடி அதே எடத்துல வெட்டு, மறுபடி சீவல். இப்படி நாலு பக்கமும். அப்பப் பாத்தா அசிங்கமா கோணல்மாணலா ஒட்டுப் போட்ட கட்டை மாதிரிதான் இருக்கும். லேத்துல மாட்டி சதுரம் உருண்டையாகும்போதுதான் அந்த நாலு கோடும் வளைஞ்சு ஒன்னுக்குள்ள ஒன்னு பூந்து, அப்படியே சிக்குக் கோலம் போட்ட மாதிரி வருது, செவந்த மரத்துல மஞ்சக் கோடு. நான் வாயப் பொளந்துட்டேன். பலா மரம் புதுசா நல்ல மஞ்சளா இருக்கும், நாளாக நாளாக பழுப்பாயிடும், வீணை மிருதங்கம் எல்லாம் அந்த மரம்தான், பாத்திருப்பீங்க. அதனால இந்த மஞ்ச நிக்காதுன்னு அவரே முன்னாடியே சொல்லிட்டாரு. ஆறு மாசத்துல இப்பவே தேன் கலருக்கு வந்துருச்சு, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

சீவலோட கனமும் ரம்பம் வெட்டுன இடைவெளியும் ஒரே அளவா இருக்கணுமாம், இல்லன்னா கோடு கோடோட சேராது. என் பேனால ஒரு பக்கம் ஒரு நூல் எழ அளவுக்கு வெலகித்தான் இருக்கு. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாது, எனக்கு தினமும் தெரியுது.

லேத்துல ஓடும்போது இன்னொன்னு ஒறைச்சுது. நடுவுல துளை போட்டு 7 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய ஒட்டி, அதுக்கு மேல மரத்த சீவிட்டே வர்றாரு, சுருள் சுருளா விழுது. உலக்கைல அம்முச்சி கை பட்டு வழுவழுன்னு ஆன அந்த மேல்தோலுதான் மொத நிமிஷத்துலயே சீவிக் கீழ விழுந்துச்சு. கடைசில முனைங்கள்ல ஒரு மில்லிமீட்டர் கூட மரம் இருக்காது, பித்தளைக் குழாய்க்கு சட்ட போட்ட மாதிரி ஒரு தோலு, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த சுருள்ல ஒரு கைப்பிடி அள்ளிட்டு வந்தேன், வீட்ல குப்பைன்னு பெருக்கிட்டாங்க.

இப்ப கொறைக்கு வர்றேன். மொத பேனாவுக்கு மேல்பூச்சு சூப்பர் க்ளூ, அத அடுக்கடுக்கா தடவி உப்புத்தாள் போட்டு தேச்சு பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டாரு. கையில எடுத்தா பிளாஸ்டிக் பேனா தோத்துச்சு. இதுக்கா அம்முச்சி உலக்கைன்னு சண்டை போட்டதும் மத்த மூணுக்கும் அரக்கும் மெழுகும் போட்டுத் தந்தாரு, கர்நாடகால சன்னபட்டணா மரப் பொம்மைக்குப் போடுவாங்கல்ல அதே அரக்கு. கைக்கு மரமாத் தெரியுது, ஆனா கை வேர்வைல ரெண்டே மாசத்துல மங்கிருச்சு, துணில மெழுகு தொட்டு அப்பப்ப தேய்க்கணும். சோம்பேறின்னா க்ளூவே போட்டுக்கோங்க.

ரீஃபில். இதுதான் பெரிய தலைவலி, யாரும் முன்னாடி சொல்றதில்ல. ஒல்லி மாடல் பேனாவுக்கெல்லாம் க்ராஸ்ங்கற பேனா கம்பெனி டைப் ஒல்லி ரீஃபில்தான் போகும். காந்திபுரத்துல மூணு கடை ஏறி எறங்கிட்டேன், எல்லாரும் பார்க்கர் ரீஃபில்தான் நீட்டுறாங்க, கடைசில ஆன்லைன்ல வாங்குனேன். இதத் தெரிஞ்சதும் கடைசி ரெண்டையும் கொஞ்சம் குண்டு மாடலா மாத்தச் சொல்லிட்டேன், அதுக்கு பார்க்கர் ரீஃபிலே போகுது, குண்டா இருக்கறதால கோலமும் நல்லா விரிஞ்சு தெரியுது, எழுதவும் கைக்கு அடங்குது. இப்ப ஜம்முன்னு ஓடுறது இந்த ரெண்டுந்தான். ஆர்டர் குடுக்கும்போது மொத கேள்வியே ரீஃபில் என்னன்னு கேளுங்க, மரமெல்லாம் அப்புறம்.

பளபள பேனா திருகு மூடுனதுக்கப்புறமும் முனை ஒரு சிட்டிகை வெளிய நீட்டிட்டே இருந்துச்சு. உள்ள இருக்குற திருகு பாகத்த கொஞ்சம் அதிகமா அழுத்தி எறக்கிட்டாராம். வெள்ளச் சட்டை பாக்கெட்ல நீலமா ஒரு கோடு, போகவே இல்ல. தங்கச்சியோட பேனா (அதுவும் ஒல்லிதான்) அவ காரு டேஷ்போர்டுல சித்திரை வெயில்ல ஒரு வாரம் கெடந்து நீளவாக்குல வெடிச்சிருச்சு. வெயில்ல மரம் சுருங்குது, உள்ள இருக்குற பித்தளை சுருங்கல, அப்புறம் எங்கதான் போகும். இதுல எங்க தப்பும் இருக்கு: சாளைல மழச்சாரல் வாங்குன கட்டை, அறுத்து ரெண்டு மாசம் நெழல்ல போட்டுக் காய வைங்கன்னு அவர் சொன்னாரு, நாந்தான் வளைகாப்புக்குள்ள வேணும்னு அவசரப்படுத்துனேன். ரெண்டையும் சரி பண்ணித் தர்றேன்னாரு. ஒட்டுன பாகத்துக்கு மட்டும் 250 ரூபா வாங்கிட்டு வெடிச்சத புதுசா கடைஞ்சு குடுத்துட்டாரு, பளபள பேனா இன்னும் பட்டறைலதான் இருக்கு, கேட்டா வாட்ஸ்ஆப்ல போட்டோ வருது.

மை ஊத்துற பேனா கேட்டதுக்கு மட்டும் முடியவே முடியாதுன்னுட்டாரு, மரம் மைய உறிஞ்சி ஊறிடுமாம். அதுக்கு திருவள்ளூர்ல ரங்கா பேனா, ராஜமுந்திரில ரத்னம் பேனா மாதிரி எபோனைட்ல (கெட்டி ரப்பர்) கடையறவங்க கிட்டதான் போகணும்.

5க்கு மூன்றரை குடுப்பேன். வேலைப்பாட்டுக்கு அஞ்சு, சொன்ன தேதிக்கு ஒன்னு. திரும்பப் போவனான்னா, போவேன். அவசரமில்லாதப்ப.

அம்முச்சிகிட்ட பேனாவ காட்டுனோம். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "பூண் எங்கடா?"ன்னு கேட்டுச்சு. பட்டறை அண்ணன் பூணத் தனியா எடுத்துத் தந்திருந்தாரு, நல்ல வேள. மிச்சக் கட்டை ஒரு ஒன்றரை அடி மாமா வீட்ல இருக்கு, அத மணியா கடைஞ்சு மாலை கட்ட எவ்வளவு ஆகும்னு போன வாரம் போன் போட்டு கேக்கறாரு. "அதான் கருங்காலி இல்லன்னு சொல்லிட்டாரே மாமா"ன்னேன். "அது நமக்குத்தானடா தெரியும்"ங்கறாரு.