ஆடிட்டர் ஆபீஸில் டிட்லிவிக்கி: பிடித்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்

தனியாக ஆபீஸ் போடப்போகும் நண்பர் ஒருவர் சமீபத்தில் கேட்டார்: “ஷேர் டிரைவில் ஃபைல் தேட உங்கள் ஆபீஸில் டிட்லிவிக்கி வைத்திருக்கிறீர்களே, நானும் அதையே போட்டுவிடட்டுமா?” வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். அதை அவரிடம் வாய் ஓயாமல் புகழ்ந்தவன் நான்தான். காரணத்தைப் போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டிட்லிவிக்கி என்பது பிரவுசரில் திறந்து குறிப்புகளை எழுதி, ஒன்றோடொன்று இணைத்து, தேடிக்கொள்ளும் குறிப்பேடு. 2004இல் ஜெரமி ரஸ்டன் வெளியிட்ட இலவச மென்பொருள், குறிப்புகள் முழுவதும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலுக்குள் இருக்கும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆடிட்டர் ஆபீஸில் ஃபைல் காணாமல் போவதில்லை, எங்கே வைத்தோம் என்பதுதான் தெரியாமல் போகும். ஒரு பார்ட்டிக்கு, அதாவது வாடிக்கையாளருக்கு, 2023-24ஆம் ஆண்டுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் வருகிறது. அதைப் பார்ட்டி பெயரில் உள்ள ஃபோல்டரில் போடுவதா, நிதியாண்டு ஃபோல்டரில் போடுவதா, ‘நோட்டீஸ்’ என்ற ஃபோல்டரில் போடுவதா? ஆளுக்கு ஓரிடத்தில் போடுவார்கள். பத்திரத்துக்கு இன்னொரு காப்பியும் எடுத்து வைப்பார்கள். பிறகு எது கடைசியாகத் திருத்தியது என்று யாருக்கும் தெரியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24க்கு அந்தத் தேதி 2024 டிசம்பர் 31. ஆக, இன்று கண்ட இடத்தில் போட்ட ஃபைலை 2030 வரை யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.

டிட்லிவிக்கி இதைத் தீர்த்த விதம் எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. ஃபைல் ஓரிடத்தில்தான் இருக்கும். அதைப் பற்றிய குறிப்பு ஒன்றை, அவர்கள் மொழியில் ஒரு டிட்லரை, எழுதி அதற்குப் பார்ட்டி பெயர், ஆண்டு, நோட்டீஸ் என்று மூன்று டேக் போட்டுவிட்டால் எந்தப் பக்கமிருந்து தேடினாலும் கிடைத்துவிடும். தமிழில் எழுதினாலும் தேடலில் சிக்கல் இல்லை. பெயரில் பாதி அடித்தாலே வந்துவிடுகிறது.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்றும் உண்டு. குறிப்பில் ‘கெடு’ என்று ஒரு ஃபீல்டு வைத்துத் தேதி போட்டேன். முகப்புப் பக்கத்தில் ஒரே வரி ஃபில்டர். பதில் போகாத நோட்டீஸ்கள் கெடு வாரியாக வரிசையில் நிற்கின்றன. ஏஎஸ்எம்டி-10 (ரிட்டர்னில் முரண்பாடு இருப்பதாக ஜிஎஸ்டி அதிகாரி அனுப்பும் நோட்டீஸ்) வந்தால் பொதுவாக 30 நாளுக்குள் பதில் கொடுத்தாக வேண்டும். காலையில் சிஸ்டத்தைப் போட்டதும் அந்தப் பட்டியலைப் பார்க்கிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய எந்த ஆபீஸ் மென்பொருளும் எனக்கு அந்த நிம்மதியைத் தந்ததில்லை.

இனி கோபம்.

ஷேர் டிரைவில் இருக்கும் அந்த ஒரே ஃபைலை இரண்டு பேர் திறந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பதினொரு மணிக்குச் சேமிக்கிறார். காலையிலேயே திறந்து வைத்த இன்னொருவர் மாலையில் சேமிக்கிறார். பதினொரு மணிக்கு எழுதியது போயே போய்விட்டது. பூட்டு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஒருவருடைய குறிப்பேடாகப் பிறந்த கருவி என்பது இந்த இடத்தில்தான் உறைக்கிறது. இதற்கு நாங்கள் கண்ட ஒரே வழி, எழுதும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களுக்கு ஃபோல்டரில் படிக்கும் அனுமதி மட்டும் வைப்பது. அந்த ஒருவர் நான். ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகள் (சி.ஏ. பயிற்சியில் இருப்பவர்கள்) ஒவ்வொரு புது ஃபைலுக்கும் என்னிடம் சொல்ல, நான் பதிய வேண்டியிருக்கிறது. செப்டம்பர் மாத ஆடிட் நெருக்கடியில் இது தாங்க முடியாத வேலை.

சேமிப்பதே ஒரு பாடு. பிரவுசர் பாதுகாப்புக்காக, ஒரு பக்கம் தன்னைத் தானே டிஸ்கில் எழுதிக்கொள்ள விடாது. இதைச் சமாளிக்க ஃபயர்ஃபாக்ஸில் டிட்லிஃபாக்ஸ் என்ற ஆட்-ஆன் இருந்தது. 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்ததும் அதுவும் செத்தது. ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் ஒவ்வொரு சேமிப்பும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் புதுக் காப்பியாகப் போய் விழும்.

“நோட்.ஜேஎஸ் சர்வரில் ஓட்டலாமே” என்பார்கள், அதாவது ஒரு கம்ப்யூட்டரில் விக்கியை ஓடவிட்டு மற்றவர்கள் பிரவுசரில் அதைத் திறப்பது. ஓட்டிப் பார்த்தோம். குறிப்பு ஒவ்வொன்றும் தனி ஃபைலாகிவிடுவதால் பலர் எழுதலாம், உண்மைதான். ஆனால் சர்வரிலிருந்து வரும் பக்கத்தில் டிரைவில் உள்ள ஃபைலுக்கான லிங்கை அழுத்தினால் பிரவுசர் திறக்காது. ஃபைல்களைச் சர்வரின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தால் திறக்கும். பிடிஎஃப் சரி, எக்செல் என்றால் காப்பிதான் டவுன்லோட் ஆகும். அதில் திருத்திவிட்டுச் சேமித்தால் ஷேர் டிரைவில் பழையதே இருக்கும். ஆக, பலர் எழுத வேண்டும் என்றால் டிரைவில் உள்ள ஃபைல் லிங்கில் திறக்காது, லிங்கில் திறக்க வேண்டும் என்றால் ஒரே ஃபைல் விக்கிதான், அதில் ஒருவர்தான் எழுதலாம். ஷேர் டிரைவை ஒழுங்குபடுத்த வந்தவனுக்கு இந்த இரண்டும் ஒருசேர வேண்டாமா?

எந்த முறையானாலும் எக்செலுக்கு நாங்கள் செய்வது, லிங்குக்குப் பதில் ஃபைலின் முழுப் பாதையையும் எழுதிப் பக்கத்தில் காப்பி பட்டன் வைப்பது. டிட்லிவிக்கியிலேயே அதற்கு மேக்ரோ (தயாராக உள்ள சிறு கட்டளை) இருக்கிறது. அழுத்தி, எக்ஸ்ப்ளோரரில் ஒட்டினால் அசல் ஃபைலே திறக்கும். வேறு யாரும் இதில் மாட்டிக்கொண்டிருந்தால் இதைச் செய்யுங்கள்.

நண்பருக்கு என் பதில்: எழுதப்போவது நீங்கள் மட்டும் என்றால் இன்றே போடுங்கள், இதைவிட நல்லது கிடையாது. ஆனால் நீங்கள் மூன்று பேரை வேலைக்கு எடுக்கப் போகிறீர்கள். அதனால் வேண்டாம். டோக்குவிக்கி பாருங்கள், அதுவும் ஓர் இலவச விக்கி மென்பொருள்தான். அதற்கு வெப் சர்வரும் பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியும் வேண்டும், ஆனால் டேட்டாபேஸ் தேவையில்லை. ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது மற்றவர்களுக்கு அது பூட்டியிருக்கும். எக்செல் தொல்லை அங்கேயும் உண்டு, பாதையைக் காப்பி செய்கிற வழக்கத்தை அங்கேயும் கொண்டுபோக வேண்டியதுதான்.

எங்கள் ஆபீஸும் வரும் ஏப்ரலில் அதற்கு மாறுகிறது. நோட்டீஸ் பட்டியலை மட்டும் டிட்லிவிக்கியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று சீனியரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.