கிளார்க், யான்சன், பென்னட், இன்ஃபோசிஸ்: திறமையை முதலில் கண்டுகொள்வது எது?

பொருளாதாரத்தில் இளம் ஆய்வாளர் பரிசு என்றதும் நினைவுக்கு வருவது ஜான் பேட்ஸ் கிளார்க் பதக்கம்தான். 1947இல் சாமுவேல்சனுக்குக் கொடுத்துத் தொடங்கியது அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம். ஃப்ரீட்மன், க்ருக்மன், அசெமோக்ளு எனப் பின்னாளில் நோபல் வாங்கிய பலர் இந்த வரிசையில் உண்டு. விதி கறாரானது: வயது 40க்குள், வேலை அமெரிக்காவில். 2009 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் என்பதால், ஒரு சுற்றில் தவறியவருக்கு அடுத்த சுற்றுக்குள் வயது கடந்துவிடும் ஆபத்தும் இருந்தது. இப்போது ஆண்டுதோறும் தருகிறார்கள்.

ஐரோப்பாவின் பதில் யர்யோ யான்சன் விருது. பின்லாந்து அறக்கட்டளை ஒன்று 1993இல் தொடங்கியது. வரம்பு 45 வயது. ஐந்து ஆண்டுதானே என்று தோன்றலாம். ஆனால் 2013இல் இதைப் பகிர்ந்துகொண்ட எலன் ரே, தோமா பிகெட்டி இருவருமே 40ஐக் கடந்தவர்கள். பிகெட்டி செய்ததுபோலப் பல நாட்டு வரித் தரவுகளை நூறாண்டு பின்னோக்கித் திரட்டும் வேலைக்கு அந்த அவகாசம் தேவைதான்.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: எலேன் பென்னட் பரிசு. அதே அமெரிக்கச் சங்கத்தின் குழு ஒன்று பெண் ஆய்வாளர்களுக்குத் தருவது. பிறந்த தேதியை இது பார்ப்பதில்லை. முனைவர் பட்டத்திலிருந்து ஆண்டுகளை எண்ணுகிறது. கண்டுகொள்ளும் வேகத்தைப் பாருங்கள். சூசன் ஏதி: பென்னட் 2000, கிளார்க் 2007. எஸ்தர் டுஃப்லோ: 2002, 2010. எமி நாகமுரா: 2014, 2019. கிளார்க் ஒரு பெண்ணுக்குப் போகவே அறுபது ஆண்டு ஆனது, அந்த முதல் பெண்தான் ஏதி!

அப்புறம், பொருளாதாரத்துக்கு மட்டுமல்லாமல் பல துறைகளுக்கும் இந்தியாவில் தரப்படும் இன்ஃபோசிஸ் பரிசு. தொகை 1 லட்சம் டாலர், பணத்தில் தாராளம். முன்பு வரம்பு 50 வயது, அதனால் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்களுக்கே போனது. டுஃப்லோவுக்கு 2014இல், கிளார்க் கிடைத்து நான்கு ஆண்டு கழித்து. 2024இல் வரம்பை 40ஆகக் குறைத்து, பொருளாதாரத்தையும் தனிப் பிரிவாக்கினார்கள். முதல் பரிசு அருண் சந்திரசேகருக்கு. பொருளாதாரத்துக்கு இது சரி. மானுடவியலுக்கும் வரலாற்றுக்கும்? களப்பணியும் ஆவணக் காப்பகமும் ஆண்டுகளை விழுங்குகிற துறைகள் அவை. அவற்றுக்கும் அதே 40 என்பதுதான் இடிக்கிறது. பென்னட் போலப் பட்டத்திலிருந்து எண்ணியிருக்கலாம்.