பட்டன் வெட்டின மொட்டை டயரைப் புது டயர் என்று தலையில் கட்டுகிறார்கள், கவனம்

குலசேகரம், திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கம் பைக் ஓட்டுகிற எல்லாரும் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தேய்ந்துபோன டயரில் கத்தியால் பட்டன், அதாவது காடி காடியான பள்ளம், வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு, புது டயர் என்று எனக்கு விற்றார்கள். அதை நம்பி மகளைப் பின்னால் உட்காரவைத்து மழையில் ஓட்டினேன். இரண்டு பேரும் ரோட்டில் விழுந்தோம். எனக்குக் காறை எலும்பு உடைந்தது, அவளுக்கு முழங்காலில் சதை பிய்ந்தது. கேஸ் நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுத முடியாது. தயவுசெய்து உள்பெட்டியிலும் கேட்காதீர்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 125 சிசி வண்டி, வேலைக்கு மார்த்தாண்டம் போய்வர தினமும் ஓடுவது. பின் டயர் 2024 ஜனவரியிலேயே மொட்டையாகிவிட்டது. நடுவில் பட்டன் இருந்த தடமே இல்லை. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் நன்றாகத்தான் பிடிக்கும், நாம் ஏமாறுவதே அதில்தான். டயரில் காடி காடியாக இருப்பது முக்கியமாகத் தண்ணீருக்காக. ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் வரும் தண்ணீர் அந்தக் காடி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். காடி இல்லையென்றால் தண்ணீர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், டயர் தாரைத் தொடாமல் தண்ணீர் மேலேயே போகும். போதாததற்கு, தேய்ந்த ரப்பர் மெல்லிசாக இருப்பதால் சின்ன ஆணி, கண்ணாடிச் சில்லுகூட சுலபமாக இறங்கிவிடும்.

நம் குமரி மாவட்டத்துக்கு ஜூன் தொடங்கி ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே போகும் ரோட்டில் மழை விட்டாலும் வெயில் இறங்காது. ஈரம் அப்படியே கிடக்கும், ஓரத்தில் பாசி பிடிக்கும். மொட்டை டயரோடு ஓட்டுவதற்கு இதைவிட மோசமான இடம் தேட வேண்டாம்.

மே கடைசியில் மழை தொடங்கும் முன் மாற்றிவிடலாம் என்று ஒரு டயர் கடைக்குப் போனேன். வேறு இடத்தில் 2,100 ரூபாய் சொன்ன 80/100-18 அளவு டயரை இந்தக் கடைக்காரர் 1,650 என்றார். "கம்பெனி டயருதான் அண்ணே, கவரு பிரிச்சுப் போச்சு, அதான் விலை கம்மி. பில்லு போட்டா வரி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நானும் பில் கேட்கவில்லை. "மாட்டி வைக்கோம், நீங்க போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றார். போனேன். திரும்பி வந்தபோது டயர் மாட்டி, காற்று அடித்து, கன்னங்கரேலென்று மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாலிஷ் வாடை அடித்தது. புது டயர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்தச் சாயா குடித்த கால் மணி நேரம் நான் அங்கே நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், மகளை டியூஷன் முடித்துக் கூட்டிக்கொண்டு திருவட்டாறு தாண்டி குலசேகரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நாற்பதுக்கு மேல் போகவில்லை. இறக்கத்தோடு ஒரு வளைவு. எதிரே பஸ் வருவதைப் பார்த்து லேசாகப் பின் பிரேக்கை மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் என்னை விட்டுத் தனியாகப் போவதுபோல் இருந்தது. அடுத்த நிமிஷம் நான் தரையில், அவள் எனக்கு நாலடி தள்ளி. பஸ் டிரைவர் மிதித்து நிறுத்தினார். அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவன். மகள் தலையில் ஹெல்மெட் இருந்தது. அதை நினைக்காமல் இன்னும் ஒரு ராத்திரிகூட நான் தூங்கவில்லை.

எல்லாரும் என்ன சொன்னார்கள்? "மழை ரோடு, சறுக்கத்தான் செய்யும்." நானும் அப்படியே நம்பினேன். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி வீட்டில் இருந்தேன், வண்டி முற்றத்தில் நின்றது. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டினவர். ஒரு நாள் காலையில் வண்டிப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் காடிக்குள் நகத்தை விட்டு மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மக்ளே, இது அச்சுல வந்த காடி இல்ல. கத்தி போட்டது."

அவர் காட்டிய பிறகுதான் எனக்குக் கண் திறந்தது. அச்சில் வார்த்த காடியின் அடி வழவழவென்று, இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். இதில் அடிப்பக்கம் அலை அலையாக இருந்தது, சூடேற்றின கத்தி நின்று நின்று போன தடம். ஒரு காடி மூன்று மில்லிமீட்டர் அகலம் என்றால் பக்கத்துக் காடி நாலு. சில இடத்தில் வளைவு திரும்பும்போது கத்தி தாண்டிப்போய்க் கீறல் விழுந்திருந்தது. பாலிஷை ஈரத்துணியால் துடைத்ததும், ஒரு காடியின் அடியில் டயரின் பலத்துக்காக உள்ளே இருக்கும் நைலான் நூல் வெள்ளையாகத் தெரிந்தது.

அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "மரத்துல பட்டைய மட்டும் சீவணும், தடியில கத்தி கொள்ளக்கூடாது. கொண்டா அந்த எடம் பின்ன ஒழுங்கா பால் தராது. இந்தப் படுபாவி நூலு வரைக்கும் கத்தி போட்டிருக்கான்" என்றார். அவர் குரல் நடுங்கியது. பேத்தி அந்த டயர் மேல்தான் மூன்று வாரம் போய்வந்தாள்.

தேய்ந்த டயரில் மிச்சம் இருக்கும் ரப்பரே ஒரு மெல்லிய தோல்தான். அதையும் வெட்டினால் பலம் எங்கே இருக்கும்? நூல் வெளியே வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், அந்த இடத்தில் டயர் வெடிக்கவும் செய்யும். நாங்கள் வழுக்கி விழுந்ததோடு போனது. லாரிக்கும் வெட்டுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது வேறு. சில லாரி, பஸ் டயர்களில் அதற்கென்றே அடியில் கூடுதல் ரப்பர் வைத்துத் தயாரிக்கிறார்கள், பக்கவாட்டில் 'ரீகுரூவபிள்' (மறுபடி காடி வெட்டலாம்) என்று அச்சும் இருக்கும். பைக் டயரில் அப்படி எதுவும் கிடையாது.

கடைக்குப் போனேன். "இது எங்க டயரே இல்ல, வேற எங்கயோ மாத்திட்டு வந்து பேசுறீங்க" என்றார். நல்லவேளை, பணம் கையில் கொடுக்கவில்லை. போனில் அனுப்பியிருந்தேன், தேதியும் தொகையும் அதில் கிடந்தன. அன்று மாலையே டயர் மாட்டின வண்டியோடு மகளைப் படம் எடுத்திருந்தேன், அதுவும் உதவியது. 1915 என்ற நுகர்வோர் எண்ணில் பேசினேன். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். பொருளுக்கு நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கவேண்டும். பில் இருந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இனி டயர் வாங்கப் போகிறவர்கள், மாட்டுவதற்கு முன் கையில் எடுத்துப் பாருங்கள். புது டயரில் மெல்லிய ரப்பர் முடி முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும், அச்சின் துளையில் வழிந்த ரப்பர் அது. பக்கவாட்டில் நாலு இலக்கம் தேடுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் தயாரித்த வருஷம். எனக்கு விற்றதில் 3716 என்று இருந்தது. 2016ஆம் ஆண்டின் 37ஆவது வாரம். கிட்டத்தட்ட எட்டு வருஷப் பழைய டயர்! அன்றைக்கு நான் அந்த நாலு எண்ணைப் படித்திருந்தாலே போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கவேண்டும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மானக் குறி) என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சின்ன மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் அதன் ஆயுள் முடிந்தது. நம் நாட்டு மோட்டார் வாகன விதிப்படி பைக்குக் கடைசி அளவு 0.8 மில்லிமீட்டர்தான். நம்மூர் மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள். கத்தியால் வெட்டின டயரில் இந்த மேடு இருக்காது, கத்தி அதையும் சீவிக்கொண்டு போயிருக்கும். முக்கோணம் இருந்து மேடு இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்களும் இதையெல்லாம் பாருங்கள். விற்கும் நேரத்தில் டயர் மட்டும் பளபளவென்று இருந்தால் துணியை நனைத்துத் துடைத்துப் பாருங்கள்.

அந்த டயரை நான் தூக்கிப் போடவில்லை. கேஸுக்கு வேண்டும். எங்கள் வீட்டுப் பின்னால் ரப்பர் ஷீட் காயவைக்கிற பழைய புகைப்புரையில் சாக்கில் சுற்றித் தொங்குகிறது. கத்தித் தடம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க நினைப்பவர்கள் குலசேகரம் பக்கம் வரும்போது சொல்லுங்கள். அப்பா எப்போதும் வீட்டில்தான் இருப்பார், விரல் வைத்துக் காட்டித் தருவார்.