நியூயார்க்கிலிருந்து சென்னை: துபாய் வழியா, டெல்லி வழியா?

பல மாதம் தங்கிவிட்டு இரண்டு 23 கிலோ பெட்டிகளோடு திரும்புபவர்களுக்குத் துபாய் வழிதான் நல்லது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேரே சென்னை வந்துவிடும். இமிகிரேஷன், சுங்கம் இரண்டும் சென்னையில்தான். செக்-இன் செய்யும்போது தரும் பெட்டிச் சீட்டில் எம்.ஏ.ஏ. (சென்னை விமான நிலையத்தின் குறியீடு) என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

டெல்லி வழியில் முதல் பயணம் நீளமானது, நன்றாகத் தூங்கலாம். சிக்கல் இறங்கிய பிறகுதான். இமிகிரேஷன் வரிசை, பெல்ட்டில் பெட்டி எடுப்பது, சுங்கம், மறுபடி பெட்டியை ஒப்படைப்பது, பாதுகாப்புச் சோதனை என எல்லாவற்றுக்கும் நான்கு மணி நேரமாவது விடுங்கள். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக மட்டும் எடுக்காதீர்கள்: எகானமியில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம்; மீதி 31 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். விமானத்தைத் தவறவிட்டாலும் செலவு உங்களுடையதே.